வண்டிகள் வராத சரளைப் பாதை: காட்டுக்குள்ளும் ஆற்றோரமாகவும் சைக்கிள் ஓட்டுவதற்கு ஓர் அரிச்சுவடி

சிறுவயதில் சைக்கிள் ஓட்டியவர்களிடம் இப்போது ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். கால் வலி, நேரமின்மை என்று தொடங்கினாலும், சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால், பின்னாலிருந்து வரும் கார்களை நினைத்தால் பயமாக இருக்கிறது என்ற உண்மைக் காரணம் வெளிவரும். அந்தப் பயம் நியாயமானது. முதுகுப் பக்கம் கேட்கும் ஒவ்வோர் எஞ்சின் சத்தத்துக்கும் தோள் இறுகிக்கொள்ளும் நிலையில் எவராலும் நெடுநேரம் மகிழ்ச்சியாக ஓட்ட முடியாது. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியே இல்லாத சரளைப் பாதைகளில் ஓட்டுவது என்ற பழக்கம் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. அதைப் புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்காக, நான் திரும்பத் திரும்பப் போய்வந்த ஒரு பாதையை எடுத்துக்காட்டாக வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

‘கிராவல்’ என்றால் சரளைக்கல். தார் போட்ட சாலைக்கும், வேர்களும் பாறைகளும் நிறைந்த மலைத்தடத்துக்கும் இடைப்பட்ட பாதைகளில் ஓட்டுவதற்குக் கிராவல் பைக்கிங் என்று பெயர். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் போட்டி இதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 2022இல் இத்தாலியில் உலகக் கோப்பைக்கு நிகரான முதல் உலக வாகையர் போட்டியும் நடந்தது. அந்தப் போட்டிகள் பெரும்பாலும் கார்களும் டிராக்டர்களும் ஓடும் கிராமத்துச் சரளைச் சாலைகளில் நடப்பவை. இங்கே நான் சொல்ல வருவது வேறொரு வகை: நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டுமே ஒதுக்கப்பட்ட, காட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் நீளும் பாதைகளில் அவசரமில்லாமல் ஓட்டுவது. தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு ஏற்றது இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது, பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை செல்லும் பாதை. இது உண்மையில் இரண்டு பாதைகள், மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து என்ற சிறு நகரத்தில் ஒன்றோடொன்று இணைகின்றன. பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரையுள்ள 150 மைல், அதாவது ஏறத்தாழ 241 கிலோமீட்டர், கிரேட் அலெகெனி பாசேஜ் எனப்படுகிறது. அங்கிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி வரையுள்ள 184.5 மைல், அதாவது 297 கிலோமீட்டர், செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரைப்பாதை. ஓட்டுகிறவர்கள் முன்னதைக் ‘கேப்’ என்றும் பின்னதை ‘டோபாத்’ என்றும் சுருக்கமாகச் சொல்வார்கள். வழியில் ஊர்களுக்குள் சாலைகளைக் கடக்க வேண்டிய இடங்கள் உண்டு. மற்றபடி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு காரோடும் வழியைப் பகிர்ந்துகொள்ளாமல் போகலாம்.

இப்படிப்பட்ட பாதைகள் எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிதில் விளங்கிவிடும். காட்டையும் மலையையும் ஊடுருவிச் செல்லும் ஒரு பாதை, ஏறத்தாழச் சமதளமாகவும், சரளை பரப்பக்கூடிய அகலத்தோடும், சாலைகளிலிருந்து விலகியும் தற்செயலாக அமைந்துவிடாது. யாரோ ஒருவர் வேறொரு தேவைக்காகப் பெரும் பணமும் உழைப்பும் செலவழித்து அதை அமைத்திருக்க வேண்டும். பிறகு அந்தத் தேவை இல்லாமற்போயிருக்க வேண்டும். உலகின் பல நாடுகளில் அந்தத் தேவை இரண்டே வகைதான்: ஒன்று கால்வாய், மற்றொன்று ரயில்.

முதலில் கால்வாயைப் பார்ப்போம். வாஷிங்டன் வழியாக ஓடும் போட்டோமாக் ஆற்றில் அருவிகளும் பாறைகளும் மிகுதி என்பதால் படகுகள் ஆற்றிலேயே மேலேறிச் செல்ல முடியாது. அதனால் ஆற்றின் இடக்கரையை ஒட்டி ஒரு கால்வாய் வெட்டத் திட்டமிட்டு, 1828ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அன்றைய குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டினார். அதே நாளில், அதே நோக்கத்தோடு, பால்டிமோர் நகரத்தில் ஒரு ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாய் கம்பர்லாந்தை எட்ட 1850 ஆகிவிட்டது. ரயில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இருந்தாலும் மலைப்பகுதி நிலக்கரியைச் சுமந்துகொண்டு படகுகள் 1924 வரை ஓடின. அந்த ஆண்டு வந்த வெள்ளத்தோடு போக்குவரத்து நின்றுபோயிற்று.

அந்தப் படகுகளுக்கு எஞ்சின் கிடையாது. கரையில் நடந்த கோவேறு கழுதைகள் நீண்ட கயிற்றால் அவற்றை இழுத்துச் சென்றன. கழுதைகள் நடப்பதற்காகப் போட்ட அந்தக் கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. கால்வாயில் தண்ணீர் சமமாக நிற்க வேண்டும் என்பதால் கரையும் சமமாகவே இருக்கும். நில மட்டம் உயரும் இடங்களில் லாக் எனப்படும் கல் தொட்டிகளைக் கட்டினார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மேல்மட்டத் தண்ணீரைத் தொட்டிக்குள் விட்டால் படகு தண்ணீரோடு சேர்ந்து எழும்பும். பிறகு முன்கதவைத் திறந்து அடுத்த மட்டத்துக்குப் போய்விடும். இப்படி 74 லாக்குகள் மொத்தம் 605 அடி உயரத்தை ஈடுகட்டுகின்றன. மைலுக்கு மூன்றேகால் அடி ஏற்றம் என்று கணக்கு வருகிறது. அதுவும் சீராகப் பரவி வருவதில்லை. நெடுந்தூரம் மேசைபோல் சமமாக இருந்து, லாக் வரும் இடத்தில் மட்டும் எட்டடி உயரச் சிறு மேடாக எழும்பும். பாலத்தின் மீது ஏறுவது போன்ற அந்த மேட்டை நான்கைந்து மிதியில் கடந்துவிடலாம்.

ஒரு லாக்கின் அருகே இறங்கி அதன் கல்விளிம்பைத் தடவிப் பார்க்கும்படி புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வதுண்டு. விரல் பதியும் அளவுக்கு வழவழப்பான வரிப்பள்ளங்கள் கல்லில் ஓடியிருக்கும். மணலும் ஈரமும் ஏறிய கயிறு பல பத்தாண்டுகள் உரசி உரசிக் கல்லை அறுத்த தடங்கள் அவை. பாவ்பாவ் என்ற ஊருக்கு அருகே கால்வாய் ஒரு மலையைக் குடைந்துகொண்டு போகும் 3,118 அடி நீளச் சுரங்கத்திலும், கரையோரமாகப் போட்ட மரக் கைப்பிடியில் இதே தடங்களைக் காணலாம். அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்களால் உட்சுவர் கட்டப்பட்ட அந்தச் சுரங்கத்தை முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. உள்ளே விளக்கு கிடையாது. பாதை குறுகலானது, ஒருபுறம் தண்ணீர். ஆகவே சைக்கிளிலிருந்து இறங்கி, கையில் டார்ச்சோடு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எதிர்முனை வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிய, கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசையோடு நடக்கும் அந்தக் கால் மணி நேரத்தை நான் எந்த ஓட்டத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கரைப்பாதை இன்று நமக்குக் கிடைத்திருப்பதற்கு ஒரு நடைப்பயணம் காரணம். 1950களில் கால்வாயின் வழியாக ஒரு நெடுஞ்சாலை அமைக்கும் திட்டம் பேசப்பட்டது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் 1954இல் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், இந்தப் பாதையை என்னோடு நடந்து பார்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள் என்று அந்த நாளிதழுக்கு அழைப்பு விடுத்தார். ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவ்வாண்டு மார்ச்சில் கம்பர்லாந்திலிருந்து ஒரு பெருங்குழு புறப்பட்டது. முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் நீதிபதியையும் சேர்த்து 9 பேர் மட்டுமே. ஆனால் நாளிதழின் நிலைப்பாடு மாறியது, மக்களின் கவனமும் கால்வாயின் பக்கம் திரும்பியது. 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கார்கள் ஓடியிருக்க வேண்டிய இடத்தில் இன்று ஆமைகள் மரக்கட்டைகளின்மீது வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 9 பேரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

கம்பர்லாந்துக்கு மேற்கேயுள்ள பாதை ரயில் தந்தது. வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே நிறுவனம் 1975இல் கைவிட்ட தடத்தில், தண்டவாளங்களை அகற்றி, 1986இல் ஓஹையோபைல் என்ற இடத்தருகே முதல் சில மைல்களைத் திறந்தார்கள். தன்னார்வலர்களின் உழைப்பால் துண்டு துண்டாக வளர்ந்து, 2013இல் பிட்ஸ்பர்க் நகரத்தின் மையம் வரை பாதை முழுமையடைந்தது. இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் ஓடும் ரயிலுக்குப் பிடிமானம் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், ரயில் பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளின்மீது பாலம் கட்டியும் சரிவைக் குறைத்தார்கள். அதன் பயன் நம் முழங்கால்களுக்கு. கம்பர்லாந்திலிருந்து 24 மைலில் பாதை ஏறத்தாழ 1,800 அடி ஏறி, 2,392 அடி உயரத்தில் கிழக்குக் கண்டப் பிரிமேட்டைத் தொடுகிறது. அதற்குக் கிழக்கே பெய்யும் மழை அட்லாண்டிக் பெருங்கடலுக்கும், மேற்கே பெய்வது மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. இத்தனை பெரிய மலைத்தொடரைத் தாண்டும்போதும் சராசரி ஏற்றம் நூறடிக்கு ஒன்றரை அடிதான். மேட்டுக்கு மேற்கே காசல்மன், யாக்கியகேனி, மனோங்கஹேலா ஆகிய ஆறுகளை ஒட்டியே இறங்கும் சரிவு அதனினும் மென்மையானது.

இனி, காலடியில் இருக்கும் தரையைப் பற்றி. சரளைப் பாதை என்றதும் நம் ஊரில் தார் போடுவதற்கு முன் கொட்டி வைத்திருக்கும் ஜல்லியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கேப் பாதையில் போட்டிருப்பது சுண்ணாம்புக்கல்லைப் பொடித்த நுண்சரளை. கட்டட வேலையில் கிரஷர் தூள் என்பார்களே, ஏறத்தாழ அதுதான். சிறு கற்களின் இடைவெளிகளைத் தூள் நிரப்பி, மழை ஈரத்தில் இறுகி, உருளையால் அழுத்தியதும் கெட்டித்தரைபோல் ஆகிவிடும். தண்ணீரும் மேலே தேங்காமல் வடியும். டோபாத் அப்படிச் சீரானதன்று. அண்மை ஆண்டுகளில் புதிதாகத் தூள் போட்டுச் செப்பனிட்ட நீண்ட பகுதிகள் உண்டு. வேறு பகுதிகளில் களிமண்ணும் பழஞ்சரளையும் கலந்திருக்கும். நடுவில் புல் வளர்ந்து இரண்டு வரித்தடமாக ஓடும் இடங்களும், மழைக்குப்பின் இரண்டு மூன்று நாள் சேறு காயாத இடங்களும் உண்டு. ஆகவே புறப்படும் நாளின் வானிலையைவிட, அதற்கு முந்தைய மூன்று நாள்களின் வானிலையே முக்கியம்.

எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. முதன்முறை போனபோது என்னிடம் இருந்தது சாலையில் ஓட்டும் மெல்லிய சைக்கிள். 28 மில்லிமீட்டர் டயர், அதில் 90 பவுண்டு காற்று. முந்தின இரவு நல்ல மழை. முதல் ஐந்து மைலில் கைகள் மரத்துப்போயின. அடுத்த ஐந்தில், இலைச்சருகும் களிமண்ணும் கலந்த சேறு டயருக்கும் பிரேக்குக்கும் இடையில் அடைத்துக்கொண்டு முன்சக்கரம் சுற்றாமலே நின்றுவிட்டது. ஒரு குச்சியை ஒடித்துச் சேற்றைத் தோண்டி எடுத்து, நூறு கஜம் ஓட்டி, மறுபடியும் தோண்டி எடுத்து என்று அன்று திரும்பி வந்தேன். கிராவல் சைக்கிள் என்ற தனி வகை எதற்காக என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அந்த வகையின் உயிர்நாடி டயர். 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர், அதைச் சுற்றிச் சேறு வழிந்து விழத் தாராளமான இடைவெளி விட்ட சட்டம், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக், இவை மூன்றும் இருந்தால் போதும். வளைந்த கைப்பிடியும் விலையுயர்ந்த கார்பன் சட்டமும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. வீட்டில் சும்மா நிற்கும் ஒரு சாதாரண ஹைப்ரிட் சைக்கிளோ பழைய மலைச்சைக்கிளோ இந்தப் பாதைகளில் மிக நன்றாக ஓடும். புதிது வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்று எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

புதியவர்கள் நம்ப மறுக்கும் ஒரு செய்தி காற்றழுத்தத்தைப் பற்றியது. டயர் கல்போல் இறுகியிருந்தால்தான் வேகமாக ஓடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வழவழப்பான தரையில் அதில் ஓரளவு உண்மையுண்டு. சரளையில் நிலைமை மாறிவிடுகிறது. இறுகிய டயர் ஒரு கல்லின்மீது ஏறும்போது, சைக்கிளையும் ஓட்டுகிறவரையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னோக்கிப் போவதற்காக நாம் மிதித்த ஆற்றலில் ஒரு பங்கு இப்படி மேலும் கீழும் குலுங்குவதிலேயே வீணாகிறது, அந்தக் குலுக்கலை நம் தசைகள் தாங்கிக்கொண்டு களைத்துப்போகின்றன. சற்றுத் தளர்வான டயரோ, கல் பட்ட இடத்தில் மட்டும் உள்வாங்கிக்கொண்டு உருண்டு போய்விடுகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு, 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பவுண்டு வரை வைத்துத் தொடங்கலாம். அதைவிட மிகக் குறைத்தால், கூரான கல்லில் மோதும்போது டியூப் வளையத்துக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பஞ்சராகும். டியூப் இல்லாமல் உள்ளே பால் போன்ற அடைப்புத் திரவம் ஊற்றிய டயர்களில் அந்தக் கவலை குறைவு. முள் குத்தினாலும் திரவம் கசிந்து ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும்.

எந்த டயராக இருந்தாலும், ஒரு மாற்று டியூப், டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு ஒன்று, சிறு திருப்புளித் தொகுப்பு இவையில்லாமல் காட்டுப்பாதைக்குப் போகக்கூடாது. சாலையில் பழுதானால் யாரேனும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். வண்டி வராத பாதையில் அதற்கு வழியில்லை, பல இடங்களில் செல்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞையும் எட்டாது. டியூப் மாற்றுவதை வீட்டிலேயே இரண்டு முறை செய்து பழகிவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஓட்டும் முறையில் பெரிய நுணுக்கம் எதுவும் இல்லை. உதிர்சரளையில் திடீரென்று கைப்பிடியைத் திருப்பவோ முன்பிரேக்கை இறுக்கவோ கூடாது. கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, முழங்கையைச் சற்று மடக்கி, சற்றுத் தொலைவு முன்னால் பார்த்து ஓட்டினால் சைக்கிள் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும். வேகத்தைவிட மரியாதை முக்கியம். டோபாத்தில் வேக வரம்பு மணிக்கு 15 மைல். பெல் கட்டாயம் வேண்டும். நடப்பவர்களை நெருங்குமுன் அதை ஒலித்து, இடப்புறமாகக் கடக்கிறேன் என்று குரல் கொடுப்பது அங்கே வழக்கம். நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டியவர் எப்போதும் சைக்கிள்காரரே. பின்னாலிருந்து வரும் வண்டிக்குப் பயந்துதான் நாம் இந்தப் பாதைக்கு வந்தோம். நம்மால் அதே பயம் ஒரு முதியவருக்கு ஏற்படக்கூடாது.

டோபாத்தில் ஐந்து முதல் ஏழு மைலுக்கு ஒன்றாக, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் இலவசமாகத் தங்கும் கூடாரத்திடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கையடிப் பம்பு, ஒரு கழிப்பறை, ஒரு மேசை. பம்புத் தண்ணீரில் அயோடின் கலந்திருப்பதால் மருந்துச்சுவை நாக்கில் ஒட்டும். ஆனால் ஆகஸ்டு மாத நண்பகலில், நாலைந்து முறை அடித்தபின் சில்லென்று வந்து கையில் விழும் அந்தத் தண்ணீருக்கு ஈடு கிடையாது. குளிர்காலத்தில் பம்புகளை நிறுத்திவிடுவார்கள். கேப் பாதையில் உள்ள 3,294 அடி நீளமான பிக் சாவேஜ் சுரங்கத்தின் கதவையும் டிசம்பரில் அடைத்து ஏப்ரலில்தான் திறப்பார்கள். கோடையில் கவனிக்க வேண்டியது உண்ணி. லைம் எனப்படும் நோயைப் பரப்பும் நுண்ணிய உண்ணிகள் பாதையோரப் புல்லில் இருக்கும் என்பதால், ஓட்டி முடித்ததும் கணுக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு ஆகிய இடங்களைத் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்த மாதம் செப்டம்பர். வெயில் தணிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், கரையோரமெங்கும் பாவ்பாவ் மரங்களில் பழம் பழுத்திருக்கும். இது நம் சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். மாங்காயளவு பச்சைப்பழம் தானாகவே பாதையில் விழுந்து கிடக்கும். பிளந்தால் உள்ளே மஞ்சள் நிறக் கூழ், சீத்தாவில் இருப்பதைவிடப் பெரிய பழுப்பு விதைகள், வாழைப்பழமும் மாம்பழமும் சேர்ந்தாற்போன்ற மணம். குளிர்நாட்டுக் காட்டில் இந்த மணத்தை முதன்முறை நுகர்ந்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் ஓட்டத்துக்கு எங்கே போவது? வாஷிங்டன் பக்கம் இருப்பவர்கள் ஜார்ஜ்டவுனிலிருந்து 14 மைல் தொலைவிலுள்ள கிரேட் ஃபால்ஸ் அருவி வரை போய்த் திரும்பலாம். தூரம் அதிகமென்று தோன்றினால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம் என்பது போய்த் திரும்பும் பாதையின் வசதி. ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குக் கம்பர்லாந்து ஏற்றது: அங்கிருந்து ஃப்ராஸ்ட்பர்க் என்ற மலையூருக்குச் செல்லும் சுற்றுலா ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், 15 மைல் இறக்கத்தில் பெரும்பாலும் மிதிக்காமலே வந்துவிடலாம். போட்டோமாக்கும் ஷெனாண்டோவாவும் கூடும் ஹார்ப்பர்ஸ் ஃபெரியைச் சுற்றியுள்ள பகுதி மூன்றாவது தேர்வு. ஊருக்குள் போக இரும்புப் படிக்கட்டில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ட்ராக் ரயில் பிட்ஸ்பர்க், கம்பர்லாந்து, ஹார்ப்பர்ஸ் ஃபெரி, வாஷிங்டன் ஆகிய நான்கு இடங்களிலும் நிற்பதால், சைக்கிளுக்கும் முன்பதிவு செய்துகொண்டு ஒருவழியாக ஓட்டித் திரும்புவதும் இயலும்.

பத்து, இருபது மைல் பழகியபின் பலருக்கும் முழுத் தூரத்தையும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். நாளொன்றுக்கு 50 மைல் என்று கொண்டால் அது ஒரு வாரப் பயணம். பிட்ஸ்பர்க்கில் தொடங்கினால், டோபாத்தில் மைல்கம்பங்களின் எண்கள் 184இலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். கடைசிக் கம்பம் ஜார்ஜ்டவுனில் ஒரு படகுத்துறைக் கட்டடத்தின் பின்புறம், கால்வாய் ஆற்றோடு சேரும் முதல் லாக்கின் அருகில், பலர் கவனிக்காமலே கடந்துவிடும் இடத்தில் நிற்கிறது. அதில் 0 என்று எழுதியிருக்கும்.